பற்றைக்காடுதானே, வெட்டினால் என்ன?

கேட்டவர் உயர்தரம் படிக்கிற ஒரு தம்பி. வீட்டில் விவசாயம். கேள்வி இது: "சிங்கராஜா மாதிரி மழைக்காடு என்றால் காப்பாற்றத்தான் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். திருகோணமலையில் இருப்பது பற்றைக்காடு, வருஷத்தில் பாதிக்கு மேல் காய்ந்து கிடக்கிறது. அதை வெட்டிச் சோளமோ கச்சானோ போட்டால் நாலு குடும்பம் பிழைக்கும். காடு அழிந்தால் நமக்கு உண்மையில் என்ன நட்டம்? அழிப்பது யார்?"

நியாயமான கேள்வி. பாடப்புத்தகத்தில் உள்ள ஐந்து வரிப் பதில், காடு மழை தரும், ஒட்சிசன் தரும், மண்ணைக் காக்கும் என்பது, பரீட்சைக்குப் போதும்; இந்தக் கேள்விக்குப் போதாது. அதில் ஒரு பகுதி நம் ஊருக்குப் பொருந்தவும் பொருந்தாது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் மழை. மரம் இருந்தால் மழை வரும் என்பது அமேசான், கொங்கோ போன்ற பெரிய நிலப்பரப்புகளுக்கு உண்மை. அமேசானில் அத்திலாந்திக் பக்கமிருந்து வரும் ஈரக்காற்று ஓரிடத்தில் மழையாகக் கொட்டும், அந்த நீரை மரங்கள் உறிஞ்சி இலை வழியாகத் திரும்ப ஆவியாக விடும், அது இன்னும் மேற்கே போய் மறுபடி மழையாகும், இப்படியே கடலிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் உள்ளே வரைக்கும் ஈரம் போய்ச் சேருகிறது. அங்கே காட்டை வெட்டினால் மழையே குறையும். நமக்கு மழை தருவதோ வங்காள விரிகுடா. ஐப்பசியில் தொடங்கித் தை வரை, வாடைக் காற்றோடும் இடையிடையே வரும் தாழமுக்கங்களோடும், ஆண்டு மழையின் பெரும்பங்கு கொட்டி முடிந்துவிடும். கந்தளாயில் காடு இருக்கிறதா இல்லையா என்று பார்த்து எந்தத் தாழமுக்கமும் வருவதில்லை. ஆகவே இங்கே காட்டின் முக்கியமான வேலை மழையை வரவழைப்பது இல்லை, வந்த மழையைப் பிடித்து வைப்பது. மூன்று நாலு மாதத்து மழையை வைத்துக்கொண்டு அடுத்த மாரி வரைக்கும் இழுக்க வேண்டிய மாவட்டத்தில், அதுவும் வைகாசிக்குப் பிறகு மேற்கிலிருந்து அடிக்கிற வறண்ட கச்சான் காற்று ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு போகிற மாவட்டத்தில், அதைவிடப் பெரிய வேலை கிடையாது.

அது எப்படி நடக்கிறது என்று பார்க்க ஆய்வுகூடம் தேவையில்லை. பன்குளம், முதலிக்குளம் பக்கம் போனால் காடும் வெட்டின காணியும் அடுத்தடுத்து இருக்கும். மழைக்கு முன்னால் ஒரு போத்தல் தண்ணீரைக் காட்டுக்குள் ஊற்றிப் பாருங்கள். சருகு, அதற்குக் கீழே பாதி மக்கின சருகு, அதற்குக் கீழே எறும்பும் கறையானும் துளைத்த மண், செத்த வேர் உக்கிப்போய் விட்ட ஓட்டைகள். தண்ணீர் சத்தமில்லாமல் இறங்கிவிடும். அதே போத்தலை வெட்டவெளியில் ஊற்றினால் வழிந்து ஓடும். இங்குள்ள செங்கபில மண்ணின் குணம் அது. காய்ந்தால் பூசின சீமெந்துத் தரை போல இறுகும், நனைந்தால் காலில் ஒட்டும். மழைத்துளி நேரடியாக விழுந்தால் மேல்மண் கட்டிகள் உடைந்து பொடியாகி மண்ணின் துளைகளை அடைத்துவிடும். அப்புறம் பெய்கிற மழை உள்ளே போக வழியில்லை. கார்த்திகையில் ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் கொட்டுகிற ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

இதற்கு அடுத்தது பலர் நம்பாத ஒன்று. குளத்துக்கு மேலே உள்ள காட்டை வெட்டினால் முதல் சில வருஷங்களுக்குக் குளம் முன்னைவிட வேகமாக நிரம்பும். மரமும் தண்ணீர் குடிக்கிற உயிர்தானே. அது குடிக்காததும், மண்ணுக்குள் இறங்காததும் எல்லாம் சேர்ந்து குளத்துக்கு ஓடி வரும். மார்கழிக்கு முன்னமே வான் பாயும், அதாவது குளம் நிரம்பி மிஞ்சின தண்ணீர் வெளியே வழியும். பார்த்தாயா, காடு வெட்டியும் குளம் நிறைந்துதானே இருக்கிறது என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். ஆனால் ஓடி வருவது தண்ணீர் மட்டும் இல்லை, மண்ணும் சேர்ந்துதான். வருஷா வருஷம் வண்டல் படிந்து குளத்தின் வயிறு மேடாகும். கட்டின் உயரம் அதேதான், வான் மட்டமும் அதேதான், உள்ளே நிற்கிற தண்ணீர் மட்டும் குறைவு. அதிலும் ஆழமில்லாமல் பரந்து நிற்கிற தண்ணீர், வெயிலுக்கும் கச்சான் காற்றுக்கும் ஈடுகொடுக்காது. ஆக மாரியில் வான் பாய்ந்த குளம் ஆனி ஆடியில் வெடித்துக் கிடக்கும். சிறுபோகம், அதாவது கோடை வேளாண்மை, பாதிக் காணிக்குத்தான் என்று விவசாயிகள் கூட்டத்தில் தீர்மானிப்பார்கள். கீழே வீட்டுக் கிணறுகளும் வற்றத் தொடங்கும், ஏனென்றால் நிலத்துக்குள் இறங்கி மெதுவாக வரவேண்டிய தண்ணீர் அந்த மாரியிலேயே வாய்க்கால் வழியாகக் கடலுக்குப் போய்விட்டது.

குளம் கட்டிய பழைய ஆட்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. குளத்தின் மேற்பக்கம், தண்ணீர் நுழைகிற இடத்தில், ஒரு மரவரிசையும் புல்வெளியும் விட்டிருப்பார்கள். புல் மண்ணை வடிக்கும், மரம் காற்றைத் தடுத்து ஆவியாவதைக் குறைக்கும். கட்டுக்குக் கீழே வயலுக்கு முன்னால் இன்னொரு துண்டுக் காடு இருக்கும், மருது, இலுப்பை என்று ஈரம் விரும்புகிற மரங்களோடு. கட்டின் அடியால் கசிகிற தண்ணீரில் உள்ள உப்பு வயலுக்குப் போகாமல் அங்கேயே தங்கிவிடும். இன்று அந்த இரண்டு துண்டும் பல இடங்களில் வயலாகிவிட்டன. ஒரு வரம்பு கூட எடுக்கலாமே என்று ஆளுக்கு ஆள் எடுத்ததுதான். கந்தளாய்க் குளத்தை வெட்டியது குளக்கோட்டன் மன்னன் என்று பெருமையாகச் சொல்கிறோம், குளத்துக்கு மேலே உள்ளதையும் சேர்த்துத்தான் அது குளம் என்பதை மறந்துவிட்டோம்.

இதே கதை பெரிய அளவில் மகாவலியிலும் நடந்தது. 335 கிலோமீற்றர் ஓடி நம் கொட்டியாரக் குடாவில் வந்து விழுகிற ஆறு அது. அதன் தலைமாட்டில், மலைநாட்டில், 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரன் காட்டை மொட்டையடித்துக் கோப்பி போட்டான். 1869இல் இலை நோய் வந்து கோப்பி அழிந்ததும் தேயிலை வந்தது. சரிவில் காடு இல்லாததன் விலையைக் கீழே உள்ள அணைகள் கொடுத்தன, பொல்கொல்ல போன்ற இடங்களில் கட்டிக் கொஞ்சக் காலத்திலேயே வண்டல் பெரிய தலைவலியாகிவிட்டது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலைநாட்டில் மண் சரிந்து, நாடு முழுக்க 600 பேருக்கு மேல் இறந்தார்கள்; மகாவலி பெருக்கெடுத்து மூதூர், வெருகல் பக்கமெல்லாம் வெள்ளத்தில் நின்றது. இதில் நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தளவு மழைக்கு எந்தக் காடும் முழுத் தடுப்பாக நிற்காது, நல்ல காட்டுக்குள்ளும் மண் சரியும். காடு காப்பாற்றுவது வருஷா வருஷம் வருகிற சாதாரணப் பெருமழையிலிருந்து; பேய்மழையில் சேதத்தின் அளவைக் கொஞ்சம் குறைக்கலாம், அவ்வளவுதான். காடு இருந்திருந்தால் வெள்ளமே வந்திருக்காது என்று சொல்கிறவர்கள் காட்டுக்கு நன்மை செய்யவில்லை, அடுத்த வெள்ளத்தில் அந்தப் பேச்சு பொய்த்துப் போனால் காட்டைப் பற்றிய உண்மையான பேச்சையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

சரி, பற்றைக்காடு என்கிற பேச்சு. திருகோணமலைக் காட்டை வெளியில் நின்று பார்த்தால் முள்ளும் கொடியுமாகத்தான் தெரியும், ஏனென்றால் நாம் பார்ப்பது றோட்டோரம், பலமுறை வெட்டி எரித்த இடம். உள்ளே பாலை, வீரை, முதிரை, கருங்காலி, சவண்டலை. இந்தச் சவண்டலையைத்தான் ஆங்கிலேயர் காலத்தில் நம் ஊர்ப் பெயரிலேயே 'திருகோணமலை மரம்' என்று விற்றார்கள், சென்னைக் கரையில் அலைக்குள் இறங்குகிற மசூலா படகு செய்ய அதைத் தேடி வாங்கினார்கள். பாலையும் வீரையும் மெதுவாக வளர்கிறவை. இன்று கிளையை முறித்துப் பாலைப்பழம் பறிக்கிற மரம் உங்கள் தாத்தா பிறக்கும் முன்பே நின்றிருக்கும். (கிளையோடு முறித்து றோட்டில் வைத்து விற்கிற பழக்கத்தைப் பற்றி எனக்குத் தனிக் கோபம் உண்டு. பழத்தைத் தின்னுங்கள், கொப்பை விடுங்கள்.) பாலை காய்க்கிற காலத்தில் கரடி அந்தப் பக்கம்தான் சுற்றும், அதற்கு அவ்வளவு பிடித்த பழம். இப்படியொரு காடு தேனும் விறகும் மருந்துமாக மூதூர், வெருகல் பக்கத்துப் பழங்குடிக் குடும்பங்களுக்கு இன்றும் சோறு போடுகிறது. காபன் கணக்கில் மழைக்காட்டைவிட இது குறைவுதான், ஆனால் எரித்தால் சேர்த்து வைத்ததில் ஒரு பங்கு ஒரே நாளில் புகையாகிவிடும் என்பதில் வித்தியாசமில்லை.

இனி, அழிப்பது யார். உலகக் கணக்கில் விடை தெளிவு. 1990இலிருந்து 2020 வரை 42 கோடி ஹெக்டயர் காடு வேறு பாவனைக்குப் போய்விட்டது என்கிறது ஐநாவின் உணவு விவசாய அமைப்பு. 2000க்குப் பிந்தைய அழிவில் ஏறக்குறைய 90 சதவீதம் விவசாயத்துக்காக, அதாவது மாட்டுக்கும் சோயாவுக்கும் செம்பனைக்கும் மற்றப் பயிர்களுக்கும். இலங்கையில் 1880களில் நிலப்பரப்பில் 84 சதவீதம் காடு என்று கணக்கிட்டார்கள், 1956இல் அது 44, இன்று 30க்குக் கிட்ட. இந்த வீழ்ச்சியில் பெரும்பங்கு கோடாலி தூக்கின ஏழை செய்தது இல்லை. முதலில் தோட்டங்கள், பிறகு அரசாங்கத்தின் குடியேற்றத் திட்டங்கள், 1977க்குப் பிறகு துரித மகாவலித் திட்டம். நம் மாவட்டத்தில் கந்தளாயும் அல்லையும் 1950களில் அப்படித்தான் காடு வெட்டித் திறந்தவை. அந்தக் குடியேற்றங்களின் அரசியல் பெரிய கதை, அதை இங்கே தொடவில்லை. காட்டுக் கணக்கை மட்டும் பார்த்தால், டோசர் போட்டுச் சட்டப்படி அழித்தது களவாக அழித்ததைவிட எத்தனையோ மடங்கு அதிகம். மகாவலித் திட்டத்தில் காட்டை எடுத்ததற்கு ஈடாக 1980களில் சில தேசியப் பூங்காக்களை அறிவித்தார்கள், நமக்குப் பக்கத்தில் உள்ள சோமாவதி 1986இல் வந்தது அப்படித்தான்.

யுத்தகாலத்தில் காடு அழிந்ததும் உண்டு, திரும்ப வளர்ந்ததும் உண்டு. பாதுகாப்புக்கென்று றோட்டோரக் காட்டை நெடுகத் துப்புரவாக்கினார்கள். அதேநேரம் சனம் விட்டுப்போன ஊர்களில் வயலும் தோட்டமும் காடாக எழும்பியது. திரும்பி வந்தவர்கள் தங்கள் காணிக்குள் காட்டு எல்லைக் கல் நிற்பதைப் பார்த்தார்கள். காணி உறுதி எரிந்துபோன, அரசாங்கம் கொடுத்த காணி ஒப்பம் தொலைந்துபோன ஒரு விவசாயிக்கு, இது முப்பது வருஷத்துக்கு முன் என் எள்ளுக் காணி என்று நிரூபிப்பது எவ்வளவு கஷ்டம் என்று இந்த மாவட்டத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. காட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த அநியாயத்தைப் பேசாமல் விட்டால், காட்டுப் பாதுகாப்பு என்பது காணி பிடிக்கிற இன்னொரு வழி என்று சனம் நினைப்பதைக் குறைசொல்ல முடியாது.

இதோடு சேர்த்து ஒரு சுற்றறிக்கைக் கதையும் இருக்கிறது. பூங்கா, ஒதுக்கக்காடு என்று வர்த்தமானியில் வராத துண்டுக் காடுகள் நாட்டில் ஏராளம். 2001இல் வந்த 5/2001 சுற்றறிக்கை அவற்றையும் வனத் திணைக்களத்தின் கைக்குக் கொண்டுவந்தது. 2020 நவம்பரில் அதை நீக்கி, பொறுப்பைத் திரும்ப மாவட்ட, பிரதேச செயலாளர்களிடம் கொடுத்தார்கள். சேனை, அதாவது காட்டை எரித்து மழையை நம்பிப் பயிர், செய்கிற ஏழைக்கு வழிவிடத்தான் என்று சொன்னார்கள். காகிதத்தில் நல்ல காரணம். ஆனால் காணி திறக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் முதலில் பெக்கோ மண்வெட்டும் இயந்திரத்தோடு வந்து நிற்கக்கூடியவர் யார், ஏழையா?

ஒரு துண்டுக் காடு எப்படிப் போகிறது என்பதைக் கிட்ட இருந்து பார்த்தால் ஒழுங்கு ஒன்று தெரியும். ஆனி ஆடியில் கீழ்ப்பற்றையை மட்டும் வெட்டிக் காயவிடுவார்கள், தூரத்திலிருந்து பார்த்தால் காடு அப்படியேதான் நிற்கும். பெருமரத்தை அப்போது தொடமாட்டார்கள், தொட்டால் மெசின் வாள் சத்தம் கேட்கும், வழக்கு வரும். அதற்குப் பதில் அடிமரத்தைச் சுற்றி வளையமாகப் பட்டையைச் செதுக்கி விடுவார்கள். மரம் நின்றபடியே சாகும். ஆவணியில் நெருப்பு. யார் வைத்தது என்று கேட்டால் பீடிக்குச்சி என்பார்கள். ஐப்பசி மழைக்குச் சோளம் விதைப்பார்கள், கோழித்தீனுக்குப் போகிற சோளம், முன்பணம் கொடுக்கிற ஆள் பெரும்பாலும் வேறு ஊர். அடுத்த வருஷம் பட்டுப்போன முதிரை குற்றியாகி லொறி ஏறும், ஏதாவதொரு வீட்டின் கதவு நிலையாகும். மூன்றாம் வருஷம் கம்பி வேலி, நாலு தென்னை, ஒரு கொட்டில். அதன் பிறகு அது காடு இல்லை, பயிர்செய்கைக் காணி, பத்திரத்துக்கு விண்ணப்பிக்கலாம். வழியில் யாராவது பிடிபட்டால் அது நாட்கூலிக்கு வந்த பையனாகத்தான் இருக்கும்.

பழைய சேனையை இதோடு சேர்த்துத் திட்டக்கூடாது. முன்பு ஒரு துண்டை எரித்து இரண்டொரு மாரி குரக்கன், எள்ளு, பயறு என்று கலந்து போட்டுவிட்டு நீண்ட காலம் விட்டுவிடுவார்கள். வேர் சாகாது, காடு திரும்ப வரும். இப்போதைய சேனை திரும்பவே விடுவதில்லை, ஒரே பயிர், களைநாசினி, உழவு மெசின், வேரோடு போய்விடுகிறது.

யானைப் பிரச்சினைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. யானைக்குப் பிடித்த சாப்பாடு அடர்காட்டுக்குள் அதிகம் இல்லை. விட்டுப்போன சேனையில் முளைக்கிற புல்லும் இளம் பற்றையும்தான் அதற்கு வேண்டியது. முன்பு மாரியில் மனிதன் பயிர் செய்வான், அறுவடை முடிந்ததும் கோடையில் யானை வந்து மேயும், ஒரே நிலத்தை இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பாவித்தார்கள். இப்போது அந்த இடம் நிரந்தர வேலிக்குள் போய்விட்டது. யானை ஒன்று நடமாட 50 முதல் 150 சதுர கிலோமீற்றர் வேண்டும், தலைமுறையாக நடந்த பாதையை அது மாற்றாது. பூங்காவுக்குள் துரத்தி மின்வேலி போட்டாலும் உள்ளே தீனி இல்லாவிட்டால் மெலிந்து சாகும், அல்லது வேலியை முறிக்கும். 2023இல் மட்டும் நாட்டில் 400க்கு மேற்பட்ட யானைகளும் 150க்கு மேற்பட்ட மனிதர்களும் செத்தார்கள். சேருவில பக்கத்திலும் கோமரங்கடவலப் பக்கத்திலும் இரவு முழுக்க யானை வெடியோடு பரணில் விழித்திருக்கிற ஆளிடம் உயிர்ப்பல்வகைமை பற்றிப் பாடம் எடுக்க முடியாது, அது எனக்குத் தெரியும். ஆனால் அவருடைய நித்திரை போனது எப்போது என்று கேட்டால், மேலே இருந்த காடு சோளமான வருஷத்தைத்தான் சொல்வார்.

கடலோர உவர்ச்சேற்றில் வளர்கிற கண்டல் காட்டைப் பற்றிச் சுருக்கமாக. தம்பலகாமக் குடா, உப்பாறு, கொட்டியாரக் குடா ஓரம் நிற்கிற கண்டலின் வேருக்குள்தான் இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளர்கின்றன. அதை வெட்டி நிரப்பினால் கிண்ணியாவில் வலை வீசுகிறவரின் கையில்தான் முதலில் தெரியும். மேலே காடு போய் மண் இறங்கினால் இங்கே கழிமுகமும் கலங்கும். ஆற்றோரத்து மருதுகளைச் சாய்த்து மணல் அள்ளுவதும் இதே கணக்கில் சேரும்.

கடைசியாக மரநடுகை. ஜூன் 5 உலக சுற்றாடல் தினம், பாடசாலை, அலுவலகம், சங்கம் எல்லோரும் கன்று நடுவார்கள். கொழும்பில் அது மழைக்காலம், சரி. திருகோணமலையில் அது கச்சான் அடிக்கிற உச்சக் கோடை. போட்டோ எடுத்த கையோடு தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் அந்தக் கன்றுகளில் பெரும்பாலானவை ஆடி தாண்டுவதில்லை. நடுவதென்றால் ஐப்பசி கார்த்திகையில் நட வேண்டும், தேக்கும் வேறு வெளிநாட்டு மரமும் இல்லாமல் இங்குள்ளதையே நட வேண்டும். அதைவிட மலிவான வழி, வேர் இன்னும் உயிரோடு இருக்கிற இடங்களில் எதையும் நடாமல் நெருப்பை மட்டும் தடுப்பது. யுத்தத்தில் கைவிட்ட ஊர்களில் காட்டை யாரும் நடவில்லை, தானாகவே வந்தது. சுற்றிவரத் தீத்தடையாக ஒரு பட்டி துப்புரவாக்கி, மாடு இறங்காமல் சில கோடைகள் பார்த்துக்கொண்டால் வீரையும் பாலையும் அடியிலிருந்து துளிர்த்துவிடும். இதில் திறப்புவிழாவுக்கு இடமில்லை என்பதால்தான் யாரும் விரும்புவதில்லை என்று நினைக்கிறேன்.

உங்கள் வீட்டுக் காணி விஷயத்துக்கு: அது குளத்துக்கு மேற்பக்கமா கீழ்ப்பக்கமா என்று முதலில் பாருங்கள். கட்டுக்குக் கீழே, வாய்க்கால் பாய்கிற இடம் என்றால் யோசிக்காமல் பயிர் செய்யுங்கள், அந்த நிலம் அதற்குத்தான். மேற்பக்கம் என்றால் ஏற்கெனவே வெட்டினதோடு நிறுத்திக்கொண்டு, சரிவுக்குக் குறுக்கே மண்வரம்போ கல்வரம்போ போட்டு, தண்ணீர் இறங்குகிற ஓடையின் இரண்டு பக்கமும் மரத்தைத் தொடாமல் விடுங்கள். சோளத்தை மட்டும் நம்பாமல் இடையில் பயறோ கௌபியோ போட்டால் மண் வெறுமையாகக் கிடக்காது. அடுத்த மாரியில் முதல் பெருமழை அன்று ஓடையில் வருகிற தண்ணீர் என்ன நிறம் என்று உங்கள் பக்கத்தையும் பக்கத்துக் காணியையும் சேர்த்துப் பாருங்கள், வரம்பு வேலை செய்கிறதா இல்லையா என்று அப்போதே தெரியும்.